கடைசி ராத்திரி வேலை

போன வருஷம் எங்க பாஹா வண்டி நம்ம கிரவுண்டுக்குப் பின்னாடி இருக்கிற மண்மேட்டில் உருண்டது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். வீடியோ எல்லா குரூப்பிலும் சுத்துச்சு. பின்னணி இசை எல்லாம் சேர்த்து ஒரு ரீல்ஸ்கூட வந்தது. வேகம் 20 கிலோமீட்டர்கூட இருந்திருக்காது. வண்டி பக்கவாட்டில் சாஞ்சு, ஒரு உருள் உருண்டு, மறுபடி நாலு சக்கரத்தில் நின்னுச்சு. பார்த்தவங்க கைதட்டினாங்க. உள்ளே இருந்த எங்க டிரைவருக்குக் காலர் எலும்பு உடைஞ்சிருந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு, இன்டர்னல் எழுத முடியாம உட்கார்ந்திருந்தான்.

ரோல் கேஜ் வளையலை. வெல்டிங் எதுவும் விடலை. ஹார்னஸ் அறுந்துபோகலை. போனது சீட்டு. ஃபைபர் சீட்டின் அடியில் நாலு எம்8 போல்ட் போட்டிருந்தோம். அதில் ரெண்டு போல்ட்டோட தலை ஃபைபரைப் பிச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சு. போல்ட் அதே இடத்தில் பத்திரமா இருந்தது. சீட்டுதான் அதைவிட்டு நகர்ந்துபோச்சு. சீட்டு நாலு விரக்கடை கீழே சரிஞ்சதும், அதுவரைக்கும் இறுக்கமா இருந்த பெல்ட் எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. பெல்ட் ஃப்ரேமில் கட்டியிருக்கு, ஆள் சீட்டோட கீழே போறான், அப்புறம் பெல்ட் யாரைப் பிடிக்கும்? தோள் பக்கவாட்டில் நழுவி பைப்பில் மோதிடுச்சு.

அந்த சீட்டை மாட்டினது நான். ராத்திரி 2 மணிக்கு, ஒரு கையில் டீ கிளாஸோட.

இதை இங்கே எழுதக் காரணம் பாவமன்னிப்பு இல்லை. அதை அவன்கிட்டே நேர்லயே கேட்டாச்சு, அவனும் ரெண்டு பரோட்டாவோட மன்னிச்சுட்டான். என் வாதம் வேற. நம்ம காலேஜில் மட்டுமில்லை, போட்டிக்கு வர்ற பல டீம்களிலும் சீட்டும் ஹார்னஸும்தான் கடைசி ராத்திரி வேலை. அது முதல் நாள் வேலையா மாறணும். டிராயிங் போர்டில் முதல் கோடு ஆளுக்குத்தான் போடணும், ஆளைச் சுத்தி சீட்டு, சீட்டைச் சுத்தி பெல்ட், பெல்ட்டுக்கு ஏத்த மாதிரி பைப். நாம இதைத் தலைகீழாப் பண்றோம். சஸ்பென்ஷனுக்கு மூணு மாசம், கியர்பாக்ஸுக்கு ரெண்டு மாசம், சிவிடி டியூனிங்குக்கு எத்தனை மாசம்னே கணக்கில்லை. கடைசியில், "டேய், ஆளு எங்கேடா உட்காருவான்?"

பாஹான்னா என்னன்னு தெரியாத முதல் வருஷத்துக்காரங்களுக்கு: ஒரே ஒரு ஆள் ஓட்டுற, காடு மேடு ஏறுற வண்டியை மாணவர்களே வடிவமைச்சு, செஞ்சு, ஓட்டணும். 1976-ல அமெரிக்காவில் சவுத் கரோலினாவில் ஆரம்பிச்ச போட்டி. இந்தியாவில் 2007-ல இருந்து நடக்குது, இந்தூர் பக்கத்தில் பீதம்பூரில் இருக்கிற நாட்ராக்ஸ் டிராக்கில். (நம்ம வொர்க்‌ஷாப்பில் எல்லாரும் 'பாஜா'ன்னுதான் சொல்வோம். வெல்டர் அண்ணன் 'பாஜக வண்டி'ன்னு சொல்வார்.) கடைசியில் 4 மணி நேரம் விடாம ஓட்டுற எண்டியூரன்ஸ் பந்தயம். வண்டி உருளுறது அங்கே சாதாரண விஷயம். அதனாலதான் ஆளை எப்படிக் கட்டி வெச்சிருக்கோம்ங்கிறது பேச வேண்டிய விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஹெல்மெட் எல்லாம் சேர்த்து ஆள் 70 கிலோ. வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மரத்தில் மோதி, ஃப்ரேம் நசுங்குறது, பெல்ட் இழுபடுறது எல்லாம் சேர்த்து 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள்ளே ஆள் நிக்கிறான்னு வெச்சுக்கோங்க. சராசரி வேக இறக்கம் 11.8 ஜி. அதாவது அவனைப் பிடிச்சு நிறுத்த பெல்ட் எல்லாம் சேர்ந்து 820 கிலோ எடைக்கு மேல இழுக்கணும். ஒரு ஆல்டோ காரின் எடையைவிட அதிகம். 30 கிலோமீட்டர் வேகம்கிறது நாம பால் வாங்கப் போற வேகம், ஞாபகம் இருக்கட்டும்.

மனுஷ உடம்பு இதைத் தாங்குமான்னு கேட்டா, தாங்கும். ஜான் பால் ஸ்டாப்னு அமெரிக்க விமானப்படையில் ஒரு டாக்டர் இருந்தார். 1954 டிசம்பரில் நியூ மெக்சிகோவில் ராக்கெட் வெச்ச ஸ்லெட்ஜில் தன்னைத்தானே கட்டிக்கிட்டு 1,000 கிலோமீட்டருக்கு மேல வேகத்தில் போய், ஒன்றரை செகண்டுக்குள்ளே நின்னார். 46 ஜி. கண்ணில் ரத்தம் கட்டிடுச்சு, கொஞ்ச நேரம் பார்வை இல்லை. ஆனா பார்வை திரும்பி, 89 வயசு வரைக்கும் வாழ்ந்தார். அவர் 46 ஜி-ல பிழைச்சார், எங்க பையன் மண்மேட்டில் எலும்பை உடைச்சுக்கிட்டான். நடுவில் இருக்கிற வித்தியாசம் கட்டின விதம்தான்.

சரி, வாஷருக்கு வர்றேன். சாதாரண எம்8 வாஷரின் வெளி விட்டம் 16 மிமீ. ஓட்டையைக் கழிச்சா அது அழுத்துற பரப்பு சுமார் 1.5 சதுர சென்டிமீட்டர். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தன்னோட அப்பெண்டிக்ஸ் ஜே விதிகளில் என்ன கேட்குதுன்னா, சீட்டுக்குக் குறைஞ்சது நாலு எம்8 போல்ட், ஒவ்வொரு இடத்திலும் பேக்கிங் ப்ளேட் தொடுற பரப்பு குறைஞ்சது 40 சதுர சென்டிமீட்டர், இரும்புன்னா 3 மிமீ கனம். நாற்பது எங்கே, ஒன்றரை எங்கே! நான் போல்ட் எத்தனை டன் தாங்கும்னு கேடலாக்கில் பார்த்தேன். 8.8 கிரேடு, நைலாக் நட்டு, டார்க் ரெஞ்ச் எல்லாம் வெச்சு ஒழுங்கா இறுக்கினேன். போல்ட்டைத்தான் பார்த்தேன், போல்ட் பிடிச்சிருக்கிற பொருளைப் பார்க்கலை. உங்க தட்டு மெல்லிசா இருந்தா எவ்வளவு நல்ல போல்ட்டும் ஒரு ஆணிதான். ஜீப்பின் தரைத் தகட்டுக்கும் இதே கதை. கீழே படுத்துப் பாருங்க. வெறும் வாஷர் மட்டும் தெரிஞ்சா அந்த சீட்டை நம்பாதீங்க. ஒரு உள்ளங்கை அளவு இரும்புத் தகடு தெரியணும்.

அடுத்தது தோள் பெல்ட். இதில்தான் பெரும்பாலானவங்க தப்பு பண்றாங்க, தப்புன்னு தெரியாமலேயே. தோளுக்கு மேல வர்ற பட்டை பின்னாடி எங்கே போய்க் கட்டுது? நிறைய வண்டிகளில் சீட்டின் முதுகைத் தாண்டி நேரா கீழே தரைக்குப் போகும். வசதியான இடம் அதுதான், ஏற்கனவே ஒரு போல்ட் ஓட்டை இருக்கும். இப்ப வண்டி மோதுது. உடம்பு முன்னாடி பாயுது, பட்டை இழுபடுது. பட்டை பின்பக்கமா மட்டும் இழுத்தா பரவாயில்லை. அது தரையில் கட்டியிருக்கிறதால கீழேயும் சேர்த்து இழுக்குது. யாரோ ரெண்டு தோளிலும் கையை வெச்சு அமுக்குற மாதிரி முதுகெலும்பு நசுங்கும். முதல் வருஷ இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் போதும் இதுக்கு. பட்டையில் 400 கிலோ இழுவை இருந்து, அது 45 டிகிரி கீழே சாஞ்சிருந்தா, முதுகெலும்பை அமுக்குற பங்கு 280 கிலோவுக்கு மேல. அதே பட்டை 10 டிகிரி மட்டும் சாஞ்சிருந்தா 70 கிலோகூட வராது. அதே பெல்ட், அதே போல்ட், அதே மோதல். ஒரு குறுக்கு பைப்பை எந்த உயரத்தில் வெல்டு பண்ணோம்ங்கிறது மட்டும்தான் வித்தியாசம். எஃப்ஐஏ விதியில் 45 டிகிரியைத் தாண்டவே கூடாது, 10 டிகிரி நல்லதுன்னு இருக்கு.

அந்தக் குறுக்கு பைப்பைக் கடைசி ராத்திரி வெல்டு பண்ண முடியாது. பின்னாடி ஃபயர்வால் வந்திருக்கும், இன்ஜின் உட்கார்ந்திருக்கும், பெயின்ட்கூட அடிச்சிருப்போம். அப்புறம் இருக்கிற பைப்பில் இருக்கிற உயரத்தில் பெல்ட்டைச் சுத்துவோம். நான் முதல் நாள் வேலைன்னு சொல்றது இதுக்காகத்தான்.

மடி பெல்ட் எங்கே இருக்கணும்னு கேட்டா பத்தில் எட்டு பேர் வயித்தைக் காட்டுவாங்க. வயித்தில் எலும்பு கிடையாது. இடுப்பு எலும்பின் முன் முனை ரெண்டும் கைக்குத் தட்டுப்படும் பாருங்க, பெல்ட் அதுக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கிற மடிப்பில் உட்காரணும். நிமிர்ந்து உட்கார்ற சீட்டுன்னா பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது பெல்ட் கீழே 45-லிருந்து 65 டிகிரிக்குள்ளே இறங்கணும். ரொம்பப் படுத்த மாதிரி போனா, மோதும்போது இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிட்டு முன்னாடி போயிடும். பெல்ட் வயித்துக்குள்ளே ஏறும். கல்லீரல், மண்ணீரல் எல்லாம் அங்கேதான் இருக்கு. இதுக்கு சப்மரீனிங்னு பேரு. பேர் என்னவோ அழகா இருக்கு.

கால் நடுவில் வர்ற ஐந்தாவது பட்டையைப் பார்த்து சிரிக்காத டீமே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் அதே ஜோக்தான். அந்தப் பட்டை இல்லாட்டி என்ன நடக்கும்னா, தோள் பெல்ட்டை இறுக்கும்போதே நடு பக்கிள் மேல ஏறும், அதோட மடி பெல்ட்டும் வயித்துக்கு ஏறும். மோதுறதுக்கு முன்னாடியே நாமளே சப்மரீனிங்குக்கு ஏற்பாடு பண்ணிக்கிறோம். ஆன்லைனில் மலிவா கிடைக்கிற நாலு பாயின்ட் ஹார்னஸை நான் ஏத்துக்காததுக்கு இதுதான் காரணம். இறுக்குற வரிசையும் இதனாலதான் முக்கியம்: முதல்ல மடி பெல்ட்டை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறுக்கணும், அதுக்கப்புறம்தான் தோள். எங்க டிரைவர்கள் எல்லாரும் தோளில் இருந்துதான் ஆரம்பிப்பாங்க. ஸ்கூல் பை மாட்டின பழக்கம் போல.

பட்டையைப் பைப்பில் சுத்தி மூணு கம்பி அட்ஜஸ்டரில் கோர்க்கும்போது, வெளியே வந்த நுனியைத் திருப்பி இன்னொரு தடவை உள்ளே விடணும். ஒரு தடவை மட்டும் விட்டா கையால் இழுத்துப் பார்க்கும்போது பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். அதிர்வில் மெதுவா நழுவும். பட்டை அட்ஜஸ்டரில் தட்டையா உட்காராம ஒரு ஓரமா ஒதுங்கி மடிஞ்சாலும் ஆபத்து. 2001-ல டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தபோது அவரோட மடி பெல்ட் அறுந்திருந்தது. நாஸ்கார் வெளியிட்ட அறிக்கை பட்டை இப்படி ஒரு பக்கமா ஒதுங்கினதைத்தான் சொல்லுச்சு. பெல்ட் செஞ்சவர் மாட்டின விதத்தைக் குறை சொன்னார். அந்தச் சண்டை எப்படியோ போகட்டும். ஏழு முறை சாம்பியன் ஆனவருக்கே பட்டை எப்படி மடிஞ்சதுன்னு விவாதம் நடந்திருக்கு. நாம அதை யார் மாட்டினான்னுகூடக் குறிச்சு வைக்கிறதில்லை.

இப்ப ஜீப் வெச்சிருக்கிறவங்களுக்கு. ஹாஸ்டலில் என் நண்பன் ஒருத்தன், தேனிப் பக்கம், அவங்க சித்தப்பாவோட பழைய எம்எம்540-ஐ எடுத்து அழகா ரெடி பண்ணியிருக்கான். ரெண்டு பக்கெட் சீட்டு, சிவப்பு கலர் நாலு பாயின்ட் பெல்ட். கேன்வாஸ் கூரை. கேஜ் கிடையாது. "சேஃப்டிக்குத்தான்டா போட்டேன்"ன்னான். நிஜமாவே நம்பித்தான் சொன்னான், அதனால எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை.

யோசிச்சுப் பாருங்க. ஹார்னஸோட வேலை உங்களை நிமிர்ந்த நிலையில் அசையாம வைக்கிறது. கேஜோட வேலை, நிமிர்ந்து இருக்கிற உங்க தலைக்கு மேல இடத்தைக் காப்பாத்துறது. வண்டி கவிழ்ந்தா, கேன்வாஸ் கூரை உங்களுக்காக என்ன பண்ணும்? அந்த ஜீப்பில் உயரமான பொருள் உங்க தலைதான். சாதாரண மூணு பாயின்ட் பெல்ட்னா உடம்பு கொஞ்சமாவது பக்கத்தில் சாயும். ஹார்னஸ் சாயவும் விடாது. அப்ப கேஜ் மட்டும் போட்டுட்டா? ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய். பாஹாவில் ஹெல்மெட்டுக்கும் கேஜுக்கும் நடுவில் 6 அங்குலம் இடைவெளி கேட்கிறாங்க, அதுவும் ஹெல்மெட் போட்ட தலைக்கு. தினமும் கடைவீதிக்கு ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஜீப் ஓட்டுவீங்களா? கேஜ், ஹெல்மெட், பக்கெட் சீட், ஹார்னஸ் எல்லாம் ஒரே பொட்டலம். பிரிச்சு விக்கிறாங்க, ஆனா பிரிச்சு வேலை செய்யாது.

அதனால ரோட்டில் ஓடுற வண்டியில் கம்பெனி பெல்ட்டைக் கழட்டாதீங்கன்னுதான் நான் சொல்வேன். புது வண்டின்னா சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக்கும் இருக்கலாம், சீட்டை மாத்தினா அதுவும் போகும். ஆர்சி புத்தகத்தில் இருக்கிற அசல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்லுது, 2019-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணியிருக்கு. சட்டத்தைக் காட்டி பயமுறுத்துறது என் நோக்கம் இல்லை, நம்ம வயசில் அது வேலைக்கும் ஆகாது.

ஆஃப்ரோடுன்னா வேகம் கம்மிதானே, இவ்வளவு எதுக்குன்னு கேட்பாங்க. வேகம் கம்மிதான். ஆனா ரோட்டில் பெரும்பாலும் முன்னாடி மோதுவோம், மேட்டில் பக்கவாட்டில் கவிழ்வோம். மெதுவா கவிழும்போது எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் பண்ணுவாங்க, கையை வெளியே நீட்டித் தரையைத் தாங்கப் பார்ப்பாங்க. மூளை கேட்டுட்டுப் பண்றதில்லை. பாஹாவில் கையைக் கட்டுற பட்டை கட்டாயம்னு வெச்சிருக்கிறது அதனாலதான். அப்புறம் மண். சுத்தித் திறக்கிற கேம்லாக் பக்கிளில் சேறு புகுந்தா திருகாது, அதனால பாஹாவில் லீவர் வெச்ச பக்கிள்தான். டிரைவர் 5 செகண்டில் வெளியே வரணும், எந்தப் பக்கம் வேணும்னாலும். ஒரு நாள் நீங்க வெச்சிருக்கிற வண்டியில் கண்ணை மூடிக்கிட்டு முயற்சி பண்ணுங்க. எங்க முதல் நேரம் 14 செகண்ட்.

காசு விஷயத்தையும் சொல்லிடறேன், இல்லாட்டி ஜூனியர்ஸ் என்னைத் திட்டுவாங்க. தரச்சான்று உள்ள ஹார்னஸ் விலை அதிகம். அதுக்கு எக்ஸ்பயரி வேற இருக்கு, மாத்திரை மாதிரி. எஸ்எஃப்ஐ லேபிள்னா ரெண்டு வருஷம். வெயிலும் வியர்வையும் மண்ணும் பட்டையை அரிக்கும், பார்த்தா தெரியாது. சீனியர்ஸ் விட்டுட்டுப் போன பெல்ட்டை லேபிளை மறைச்சுப் போட்டா டெஸ்டிங்கில் யாருக்குத் தெரியப்போகுதுங்கிற பேச்சு எங்க டீமிலும் வந்தது. போட்டிக்குப் புது பெல்ட், டெஸ்டிங்குக்குப் பழைய பெல்ட். கேட்க நியாயமா இருக்கும். ஆனா கணக்கு பண்ணிப் பாருங்க, எங்க வண்டி போட்டியில் ஓடினதைவிட டெஸ்டிங்கில் ஓடினதுதான் பல மடங்கு அதிகம். உருண்டதும் டெஸ்டிங்கில்தான். அங்கே இன்ஸ்பெக்டர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, கையில் மொபைலோட நாம மட்டும்தான் நிக்கிறோம். அலாய் வீலுக்கும் டிஷர்ட்டுக்கும் ஸ்பான்சர் தேடுற நாம, ஒரு தடவையாவது பெல்ட்டுக்குன்னு கேட்டிருக்கோமா?

இதில் எனக்கு பதில் தெரியாத கேள்வி ஒண்ணு இருக்கு. டிசைன் ரிப்போர்ட்டில் சீட்டு பொருத்துறதுக்குத் தனியா மார்க் கிடைக்காத வரைக்கும், எந்த டீமும் அதுக்கு ஒரு நல்ல ஆளை ஒதுக்காது. எனக்கே அந்த வேலை வந்தது, எனக்கு சிமுலேஷன் வராதுங்கிறதாலதான்.

இந்த வருஷ வண்டியில் சின்னதா ஒரு பழக்கம் ஆரம்பிச்சிருக்கோம். சீட்டை மாட்டினவன் பேரு, தேதி, டார்க் அளவு மூணையும் சீட்டின் முதுகில் மார்க்கரால் எழுதணும். எழுதினவன்தான் முதல்ல உள்ளே உட்காரணும், நாலு பேர் சேர்ந்து வண்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்துப் பிடிப்போம், பெல்ட்டில் தொங்கணும். போன வாரம் நான் தொங்கினேன். சீட்டு அசையலை. இடது தோள் பட்டை ஒரு விரல் அளவு நழுவுச்சு. பிரிச்சுப் பார்த்தா அட்ஜஸ்டரில் ஒரு தடவைதான் கோர்த்திருக்கேன். இவ்வளவு எழுதுற நானேதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு மேல வொர்க்‌ஷாப்பில் இருப்போம். வீட்டில் ஜீப் வெச்சிருக்கிறவங்க சீட்டுக்கு அடியில் ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. 3 மிமீ தகடு நிறைய மிச்சம் இருக்கு, வெட்டித் தர்றோம்.